லாங் ஹால் லேஅவுட்

அன்று அந்த ஹாலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: ஓய்வுபெற்ற ஹெட் போஸ்ட் மாஸ்டர் எட்வர்ட்; அவர் மனைவி டோரதி; அவர்களுடைய ஒரே மகள் நிம்மி; டோரதியின் தம்பி, மார்டள்ளி கிராமத்துச் சவரியப்பன்; பெண் பார்க்க வந்த நீல்; அவனைப் பெங்களூரிலிருந்து கூட்டிவந்த அவன் தாய் கிரேசம்மாள்; சமையலறை வாசலில் பாத்திரமும் கையுமாக நின்ற வேலைக்காரி தேவம்மா. ஆக ஏழு பேர். சர்ச் வாசலில் நின்றுகொண்டு கண்ணால் கண்டதுபோலக் கதை அளப்பவர்கள் வேறு எவரும் அங்கே இல்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மைசூரில் மழை தூறிக்கொண்டிருந்தது. நரசிம்மராஜ மொஹல்லாவில் இருந்த அந்த வீட்டில் காலையிலிருந்தே நிப்பட்டு, அதாவது தட்டை, பொரியும் வாசனை.

நிம்மிக்கு இருபத்தேழு வயது. கான்வென்ட்டில் கணக்கு டீச்சர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அந்த உயரம் அவளுடைய குற்றமல்ல. எட்வர்டின் குடும்பத்தில் எல்லோருமே நிலைப்படியில் தலை இடிப்பவர்கள். இதற்குமுன் வந்த மாப்பிள்ளைகள் அவள் உட்கார்ந்திருந்தவரை ஒழுங்காகத்தான் பேசினார்கள். காப்பித் தட்டை எடுக்க அவள் எழுந்து நின்றதும் ஒருவனுக்குக் கடைசி பஸ் ஞாபகம் வந்தது. அப்போது மணி பகல் பதினொன்று. இன்னொருவன், ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், ஜாதகப் பொருத்தம் பார்க்கவேண்டும் என்றான்.

நீல் அப்படிப்பட்டவன் இல்லை. ஜெர்மனியிலிருந்து ஒரு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தான். நிம்மி தன் உயரத்தை முதல் நாளே சொல்லிவிட்டாள். "நான் அஞ்சடி ஆறு. மேல் தட்டுல இருந்து பெட்டி எடுக்க எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றானாம். அதற்கு அவள் சிரித்த சிரிப்பை டோரதி அடுப்பங்கரையில் இருந்தபடி கேட்டிருக்கிறாள்.

அன்று காலை பூசைக்குப் புறப்படும்போது நிம்மி எட்வர்டிடம் நேராகவே சொன்னாள்.

"அப்பா, எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல யாரும் வரப்போறதும் இல்ல, வந்தாலும் நான் ஒக்காரப்போறதும் இல்ல. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்னே பேசாம இருந்தா போதும்."

"நான் எப்போம்மா பேசினேன்?" என்றார் எட்வர்ட். டோரதி மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கிரேசம்மாள் காரிலிருந்து இறங்கியதே ஒரு காட்சி. பையனுக்குப் பெண் பார்க்க அல்ல, அரண்மனைத் தசராவுக்கு வந்தவள்போலப் பட்டு உடுத்தியிருந்தாள். மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல ஒரு அட்டைப் பெட்டியை வைத்திருந்தாள். காப்பி வருவதற்குள் அதைப் பிரித்து, உள்ளேயிருந்த பொம்மை விமானத்தை எடுத்து மேஜை நடுவில் நிறுத்தினாள். முழங்கை நீளம், வெள்ளை உடல், நான்கு எஞ்சின்.

"ஃபாரின்ல இருந்து கையிலயே கொண்டாந்தான், பிரதர். லாங் ஹால் பிளேன். இங்க ஏறினா நடுவுல எங்கயும் நிக்காம சீமைக்குப் போயிடும். ரெக்கயப் பாருங்க. நம்ம பையன் டிசைன்."

பெங்களூரில் அவளுடைய சபையில் பாதிப் பேருக்கு இந்த இறக்கையின் கதை மனப்பாடம். பாதிரியார் பிரசங்கத்தில் தேவதூதரின் சிறகு என்று தொடங்கினால், இவள் பக்கத்து இருக்கைக்காரியின் முழங்கையைத் தொடுவாளாம்.

எட்வர்ட் பார்த்தார். இறக்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நுனிகளும் மேல்நோக்கி மடங்கியிருந்தன. முப்பத்தைந்து வருஷம் தபாலில் நசுங்கிய பார்சல்களைப் பார்த்த கண்ணுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"பெட்டிக்குள்ள அழுந்தி வளஞ்சிருச்சு. அதனால என்ன, நிமித்திடலாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி, நுனியை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தினார்.

டக்கென்று ஒரு சத்தம். நுனி அவர் விரலோடு வந்துவிட்டது.

கிரேசம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். நீல் சிரித்துவிட்டான். கன்னத்தில் குழி விழும் சிரிப்பு. அவன் சிரித்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"அது அப்படித்தான் அங்கிள் இருக்கணும். விங்லெட்னு பேரு. பறக்கும்போது றெக்கைக்கு அடியில காத்தோட அழுத்தம் ஜாஸ்தி, மேல கம்மி. அதனால கீழ்க் காத்து நுனி வழியா மேல சுருண்டு ஏறப் பாக்கும். அந்தச் சுருள் பிளேனப் பின்னால இழுக்கும். நுனிய இப்படி மடிச்சுவிட்டா இழுப்பு கொறயும், எண்ணெய் மிச்சம்."

"பாத்தீங்களா, எவ்ளோ மூளை!" என்றாள் கிரேசம்மாள்.

"மூளை என்னோடது இல்லம்மா. எத்தன தடவ சொல்றது? றெக்கை பண்றவங்க வேற ஊரு, வேற ஆளுங்க. நான் அதத் தொட்டதுகூட இல்ல."

கிரேசம்மாளின் முகம் சுருங்கியதை எட்வர்ட் கவனித்தார். கவனித்ததில் அவருக்கு ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. உடைந்த நுனியை மேஜையில் வைத்துவிட்டு, "அப்ப தம்பிக்கு என்ன வேல?" என்றார்.

"நான் லேஅவுட்ல அங்கிள்."

மற்ற ஊர்களில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ, மைசூரில் ஒரே பொருள்தான். வயலைத் துண்டு போட்டு, நான்கு மூலையிலும் கல் நட்டு, சுண்ணாம்புக் கோடு இழுத்து, சைட் என்று பெயர் வைத்து விற்பதுதான் லேஅவுட். எட்வர்டின் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை உண்டு. காரணம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நிப்பட்டு தின்றுகொண்டிருந்த சவரியப்பன். எட்டு வருஷத்துக்கு முன், கோடைக்காலத்தில், வற்றிக் கிடந்த ஏரி ஒன்றில் கல் நட்டு, 'குளிர்ந்த காற்று வரும்' என்று சொல்லிப் பங்குச் சபையாருக்கே சைட் விற்றவன் அவன். ஐப்பசி மழையில் கல்லும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை, கொக்குதான் தெரிந்தது. வாங்கியவர்கள் யாரும் சவரியப்பன் வீட்டுக்குப் போகவில்லை; மானமுள்ளவர் யார் என்று பார்த்து, எட்வர்டின் கேட்டில் வந்து நின்று கத்தினார்கள்.

அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு எட்வர்டுக்கு மேஜைமேல் நின்ற விமானம் கண்ணில் படவேயில்லை. இறக்கை பொய்யென்றால் விமானமும் பொய்தானே என்று அவருடைய மனம் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது.

சவரியப்பனுக்கோ நெடுநாள் காணாத சொந்தத்தைக் கண்டதுபோல் இருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"அப்புடீங்களா தம்பி! ஃபாரின்லயும் லேஅவுட் போடறாங்களா? எந்த மாதிரிங்க?"

"லாங் ஹால்தான் முக்கியமா."

"ஹால் நீளமா வர்றாப்பலயா? அப்ப வீடும் நீங்களே கட்டித் தந்துடறீங்களாட்ட இருக்குது."

நீல் கொஞ்சம் விழித்தான். மார்டள்ளித் தமிழ் தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். "வெளிக்கூடு வேற ஆளுங்க செய்வாங்க. உள்ள எல்லாம் நாங்கதான். டாய்லெட் எங்க வரணும், நடக்கற வழி எவ்வளவு விடணும், எல்லாம்."

"சரீங்க. அளவு என்னுங்க? முப்பதுக்கு நாப்பதா?"

"முப்பத்திரண்டு வழக்கம். இப்ப நான் முப்பத்தொண்ணுக்குக் கொண்டுவந்துட்டேன்."

"ஒண்ணக் கொறச்சுட்டீங்களா?"

"வரிசைக்கு ஒண்ணு கொறச்சா, மொத்தத்துல ஒரு வரிசையே எச்சா கிடைக்குமே."

சவரியப்பன் நிப்பட்டைக் கீழே வைத்தான். அவன் கண்ணில் பக்தி தெரிந்தது. "வாங்கறவீங்க அளந்து பாக்க மாட்டாங்களா?"

"யாரும் டேப் எடுத்துட்டு வர்றதில்ல அங்கிள். ஒக்காந்த பிறகுதான் இடிக்கும். அதுக்குள்ள கதவ மூடியிருப்பாங்க."

எட்வர்டின் நெற்றியில் நரம்பு புடைத்தது. நிம்மி காலையில் சொன்னது நினைவிருந்தது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். மனிதர் முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"பணக்காரங்களுக்கு?" என்றான் சவரியப்பன்.

"அவங்களுக்கு முன்பக்கம். அறுபது."

"அறுபதுக்கு நாப்பது! கேட்டீங்களா மாமா? அங்கயும் அதே அளவுதான்! அப்பறம் தம்பி, ஒரே ஒரு கேள்வி. தண்ணி நிக்காதுங்களே?"

இதற்கு நீல் மட்டும் 'என்ன தண்ணி?' என்று கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே தெளிந்திருக்கும். ஆனால் தன் வேலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் அவனிடம் கேட்டதில்லை. உற்சாகமாகச் சொன்னான்.

"தண்ணியில எறங்க வேண்டி வந்தாலும் பயமில்ல. எல்லாருக்கும் மிதவை வச்சிருக்கோம்."

எட்வர்ட் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து ஷோகேஸில் மோதியது.

"மிதவை! இந்த யோசனை உனக்கு வரல பாத்தியா சவரி! டேய், ஏரியில வித்தாலும் நீ மிதவை வச்சு விக்கலடா! எழுந்திருங்கம்மா. எழுந்திருங்க. அடுத்தவன் நெலத்துல அடி அடியாத் திருடி, சத்தமில்லாம வரிசை கூட்டறவனுக்கு எங்க வீட்டுப் பொண்ணக் குடுக்க மாட்டேன். கேட் தெறந்துதான் இருக்கு."

"யாரப் பாத்துத் திருடன்ங்கறீங்க?" கிரேசம்மாளும் எழுந்தாள். பட்டு சரசரத்தது. "என் பையன் ஜெர்மனில ஆபீசர்! தபால்பெட்டிய நம்பிப் பொழச்ச ஆளு, ரெக்கய ஒடச்சதும் இல்லாம..."

"ரெக்கையே உங்க பையனோடது இல்லன்னுட்டாரே!"

"ஏரி எங்கருந்து வந்துது?" என்று நீல் சவரியப்பனைக் கேட்டான். சவரியப்பன் அந்தக் கேள்வியை விரும்பவில்லை.

அப்போதுதான் நிம்மி உள்ளறையிலிருந்து வந்தாள். கூப்பிட்ட பிறகுதான் வரவேண்டும் என்று டோரதி சொல்லியிருந்தாள். அந்தக் கூச்சலையே கூப்பிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். எட்வர்டின் முன்னால் வந்து நின்றாள். இருவருக்கும் கண்மட்டம் ஒன்றுதான்.

"அப்பா. நாற்காலி."

"என்னது?"

"அவர் சொன்னது பிளேனுக்குள்ள போடற நாற்காலிப்பா. சீட்டு. எந்த வரிசை எங்க, கக்கூஸ் எங்க, சமையல் எங்கன்னு பிளான் போடற வேல. அதுவும் லேஅவுட்தான். முப்பத்தொண்ணுங்கறது அங்குலம், அடி இல்ல. ஒரு சீட்டு முதுகுல இருந்து அடுத்த சீட்டு முதுகு வரைக்கும்."

தேவம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "அய்யோ சிவனே! ஆகாசத்துல கக்கூஸா? அது எல்லிக்கம்மா ஹோகுது? எங்க போயி விழும்?"

எட்வர்டின் காது சிவந்தது. தவறு செய்துவிட்டோம் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அதை வாயால் சொல்வது வேறு விஷயம். அவருடைய தகப்பனார் சொன்னதில்லை, தாத்தா சொன்னதில்லை. அந்தக் குடும்பத்தில் தப்பு நடந்தால் அடுத்த நாள் அதிகமாக மீன் வாங்கி வருவார்கள், அதோடு சரி.

கிரேசம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். ஆனால் புறப்படவில்லை. பையனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்து, விமானத்தை அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"பையனுக்காகப் பாக்கறேன். திருடன்னுட்டீங்க. மன்னிப்புக் கேளுங்க பிரதர். கேக்காம இந்த வீட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காது. அஞ்சு நிமிஷம். அப்பறம் கார்ல ஏறிடுவேன்."

டோரதி காப்பித் தட்டோடு பாதி வழியில் நின்றாள். நிம்மி எட்வர்டைப் பார்த்தாள். கெஞ்சியிருந்தால் சமாளித்திருப்பார்; அவள் கெஞ்சவில்லை. எட்வர்ட் தொண்டையைச் செருமினார். இரண்டாவது தடவை செருமினார்.

நீல்தான் எழுந்து டைனிங் நாற்காலிகளை இழுத்தான். "ஆன்ட்டி, தையல் மெஷின் டேப் இருக்கா? அங்கிளுக்குக் காட்டிடறேன். வாயால சொன்னதுலதான இவ்வளவு குழப்பம்."

ஷோகேஸில் முதுகு முட்டும்படி இரண்டு நாற்காலிகளைப் பக்கம்பக்கமாகப் போட்டான். டேப்பால் அளந்து, அவற்றுக்கு முன்னால் ஒன்று. "அம்மா, நீ முன்வரிசை." கிரேசம்மாள் முறைத்துக்கொண்டே வந்து அமர்ந்தாள். அவள் அமர்ந்த பிறகு அந்த நாற்காலி நகரும் நாற்காலி அல்ல. "அங்கிள், நீங்க ஜன்னல் ஓரம். ஒசரமானவங்கதான் எங்களுக்கு எப்பவும் கம்ப்ளைன்ட் எழுதுவாங்க."

வேறு சமயமாக இருந்தால் எட்வர்ட் அந்தக் கூத்துக்கு இசைந்திருக்க மாட்டார். ஆனால் பதில் சொல்லாமல் நிற்பதைவிட உட்காருவது சுலபமாகப் பட்டது. சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே நுழைந்து, காலை மடக்கி, ஒருவழியாக அமர்ந்தார். முழங்கால் இரண்டும் கிரேசம்மாளின் நாற்காலி முதுகில் முட்டின. பக்கத்து நாற்காலியில் சவரியப்பன், யாரும் அழைக்காமலே, நிப்பட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்தான்.

"இப்ப இதுலயே பத்து மணி நேரம்னு வச்சுக்குங்க" என்றான் நீல்.

"பத்து மணி நேரமா?" என்றார் எட்வர்ட். "யாருய்யா இதுக்கு ஒத்துக்கறது?"

"டிக்கெட் வாங்கும்போது எல்லாருமே ஒத்துக்கறாங்க அங்கிள். வெல கம்மின்னா முழங்கால் ஞாபகம் வராது."

நிம்மி நாற்காலிகளைச் சுற்றி வந்தாள். டேப்பைக் கையில் எடுத்து அளந்து பார்த்தாள். முப்பத்தொன்றே முக்கால் இருந்தது.

"தாராளமா விட்டிருக்கீங்க. ஆமா, என் ஒசரத்துக்கு ஒரு ஆள் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கணக்கெல்லாம் சராசரி ஆளுக்குத்தான். நீங்க சராசரி இல்லயே."

"முன்னாடி வந்தவங்களும் அதயேதான் சொன்னாங்க. அவங்களுக்கு இவ்வளவு நல்லாச் சொல்லத் தெரியல."

"அவசரக் கதவுக்குப் பக்கத்துல ஒரு வரிசை உண்டு. அங்க முன்னாடி எதயும் வைக்கக் கூடாதுன்னு சட்டம். அத உங்களுக்குன்னு வச்சுக்கலாம்." அவன் காதும் சிவந்திருந்தது.

பெண்ணும் பிள்ளையும் இப்படிப் பேசிக்கொண்டிருக்க, பின்னால் உட்கார்ந்திருப்பது எட்வர்டுக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். அங்கேதான் சிக்கல். பின்னால் தள்ள முடியவில்லை; ஷோகேஸ். இடதுபக்கம் சுவர். வலதுபக்கம் சவரியப்பன்.

"சவரி, எந்திரிடா."

"ஒரே ஒரு நிப்பட்டுங் மாமா. தின்னுட்டு..."

நேராக நிமிர்ந்து எழ முயன்றார். முழங்கால் விடவில்லை. கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. இரண்டு கையாலும் கிரேசம்மாளின் நாற்காலி முதுகைப் பிடித்து, தலையைக் குனிந்து, அவளுடைய தோளுக்கு மேலாக உடம்பைச் சரித்து, மெல்ல மெல்ல எழும்பினார். வயிறு அழுந்தியதில் வாயிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது.

கிரேசம்மாள் திரும்பிப் பார்த்தாள். நரைத்த தலை ஒன்று அவள் தோளருகே தாழக் குனிந்திருந்தது. கைகள் இரண்டும் நாற்காலியைப் பற்றியிருந்தன. முகம் வேதனையில் சிவந்திருந்தது.

அவள் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, என்னா பிரதர் இது! இவ்ளோ குனியணுமா? வயசுல பெரியவங்க. வாயால ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதுமே. எந்திரிங்க, எந்திரிங்க. நானும் தபால்பெட்டின்னு ஏதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

எட்வர்ட் வாயைத் திறந்தார். எழுந்திருக்கத்தான் குனிந்தேன் என்று சொல்ல மூச்சு போதவில்லை. மூச்சு வந்தபோது எதிரே நிம்மி நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். காலையில் கேட்டதையே இப்போதும் பேசாமல் கேட்டாள்.

எட்வர்ட் வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்நாளில் ஒரு தவறான கருத்தைத் திருத்தாமல் விட்டது அதுவே முதல் தடவை.

டோரதி அந்த ஒரு நொடியை நழுவ விடவில்லை. கிரேசம்மாளின் கையில் காப்பியைத் திணித்தாள். அது தொண்டையில் நன்றாகவே இறங்கியது. இரண்டாவது டம்ளரும் இறங்கியது. மூன்றாவதுக்குமுன் கல்யாணத் தேதி பேசப்பட்டது. கல்யாணம் முடிந்து, டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், நிம்மி ஜெர்மனிக்குப் போனாள். அவசரக் கதவு வரிசையில்தான் உட்கார்ந்து போனாளாம்.

பெங்களூர்ச் சபையில் கிரேசம்மாள் இப்போது இறக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. சம்பந்தியின் பணிவைப் பற்றிப் பேசுகிறாள். மைசூரில் அந்த வேலையைச் சவரியப்பன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்; ஞாயிறுதோறும் சர்ச் வாசலில் நின்று, எப்பேர்ப்பட்ட எட்வர்ட் மாமாவும் மகளுக்காகப் பெங்களூர்க்காரி காலில் விழாத குறையாய் மன்னிப்புக் கேட்டார் என்று, கேட்பவர் கண்ணீர் விடும்வரை சொல்கிறான்.

எட்வர்ட் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் குனிந்தது எழுந்திருப்பதற்காக. சவரியப்பன் தட்டோடு நகர்ந்திருந்தால் அதற்கும் அவசியம் இருந்திருக்காது.